ஹிதாயாவின் சனிக்கிழமை

— அது ஏணியில ஏறி எறங்கின வலிதான். இன்னைக்கு சுடுதண்ணி ஒத்தடம் வச்சா காலையில சரியாகிரும். நீங்க யோசிக்காமப் போங்க.

— முழங்கால் வலின்னு நான் சொன்னனா, ஹிதாயா? நாளைக்கு நான் போகல்லன்னுதான் சொன்னேன்.

— அப்ப காய்ச்சலா? நெத்தியக் காட்டுங்க.

— காய்ச்சலும் இல்ல, தடுமலும் இல்ல. நாளைக்கு சனிக்கிழமை, நான் வீட்டுல இருக்கிறேன். இந்தக் குசினி ஜன்னலுக்கு நுளம்பு வலை அடிக்கணும். ஆறே முக்காலுக்குத் தொடங்கினா பகல் லுஹர் தொழுகைக்கு முந்தி முடிச்சிரலாம். அந்தச் சின்ன சுத்தியல எடு.

— ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லி நான் கேட்டனா, அம்ஹர்ட வாப்பா?

— நுளம்பும் கேட்டுட்டா வருது?

— எல்லாத்துக்கும் ஒரு பதில். ஞாயித்துக்கிழமை அடிங்க, திங்கக்கிழமை அடிங்க. ஒங்களுக்கு எல்லா நாளும் லீவுதானே. நாளைக்கு ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போறதுன்னு போன கிழமையே சொன்னீங்களே. சேர்ட்டும் மடிச்சு வச்சிட்டேன்.

— மடிச்ச சேர்ட்ட அலுமாரியில திரும்ப வைக்கலாம்.

— பிள்ளைகள் எவ்வளவு ஆசையாக் கூட்டிட்டுப் போறாங்க. ரிட்டயர் ஆன மனுசனுக்கு வேற என்ன வேணும்? பக்கத்து வீட்டு கைறுன்னிஸாட மாப்பிள்ளையப் பாருங்க, அவரும் ரிட்டயர்தான், காலையில இருந்து வாசல் கேட்டப் புடிச்சிட்டு ரோட்டப் பாத்துட்டு நிக்கிறாரு. ஒங்களுக்கு அப்படியா? அம்ஹர் அவ்வளவு லொறிக்கு நடுவுல, தம்புள்ளையில கடைய விட்டுட்டு வாறான். நாளைக்கு அவன்ட முறை, அவன் போய்...

— என்ன சொன்ன?

— என்ன சொன்னேன்?

— முறைன்னு சொன்ன.

— அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.

— பேச்சு இல்ல. கடுதாசியிலயும் இருக்கு. இந்தா, தையல் மிஷின் லாச்சியில, பத்திரிகைக்குக் கீழ இருந்தது. மொதல் சனி அம்ஹர், ரெண்டாவது சனி ஸப்ரி, மூணாவது றிஸ்லா. நாலாவது ரிசர்வ், ஹுஸ்னி. மருமகனையும் நீ விடல்ல.

— குடுங்க அத.

— பொறு. கோடெல்லாம் நல்ல நேரா அடிச்சிருக்கிற. வலது பக்கம் ரெட்டைக் கோடு. இத நான்தானே ஒனக்குப் படிப்பிச்சது. கல்யாணம் முடிச்ச புதுசுல டிப்போவுல அச்சடிச்ச ஃபோம் இல்லாம, நீ கோடடிச்சுத் தருவ, நான் ட்ரைவர்மார்ட பேர எழுதுவேன். அதே ஃபோம். தலைப்பு மட்டும்தான் வேற. ‘வாப்பா’ன்னு போட்டிருக்கிற.

— வேற என்னன்னு போட?

— சரியாத்தான் போட்டிருக்கிற. எனக்கு ஒண்டு மட்டும் வெளங்கல்ல. முப்பத்தெட்டு வருஷம் டைம் கீப்பரா இருந்து, எத்தனையோ லிஸ்ட் போட்டிருக்கேன். இந்த லிஸ்ட்ல நான் யாரு? பஸ்ஸா, பயணியா?

— நீங்க ரூட். எல்லாரும் ஒரு தடவை ஓடித்தான் ஆகணும்.

— நல்லாச் சொன்ன.

— கேட்டீங்க, சொன்னேன். எப்ப பாத்தீங்க இத?

— நோம்புக்கு முந்தி. லாச்சி இறுகிப் போயிட்டு, தொறக்க ஏலான்னு நீதான் சொன்ன. கழட்டி சீவினேன்.

— நோம்புக்கு முந்தியா? இப்ப ஒக்டோபர். இத்தனை மாசமாத் தெரிஞ்சிட்டா போனீங்க?

— ட்யூட்டி லிஸ்ட்ல பேர் இருந்தாப் போகணும்.

— ஒங்கட டிப்போ கதைய விடுங்க. கோபமா?

— கோபப்பட நான் யாரு? ஏன்னு மட்டும் சொல்லு. பிள்ளைகளுக்கு வாப்பாவோட போக ஆசை இருந்தா, கோடடிச்சு முறை போட வேண்டிய தேவை என்ன?

— பிள்ளைகளுக்காகப் போடல்ல.

— எனக்காகவும் இல்ல. கதவுல பிணைச்சல் போடு, செவுத்துக்குப் பெயின்ட் அடின்னு சொல்லியிருந்தா நான் வீட்டுலயே சந்தோசமா இருந்திருப்பேன்.

— அதுதான். அதேதான். அந்தப் பிணைச்சலுக்கும் பெயின்டுக்கும் பயந்துதான் போட்டேன்.

— வெளங்கல்ல.

— வெளங்காது. நீங்க ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு, வேன்ல கொண்டு வந்து எறக்கினாங்க. ஒங்களுக்கு வேல முடிஞ்சிச்சு. எனக்கு மேலதிகாரி வந்தாரு.

— நான் ஒனக்கு உதவி செஞ்சேன்.

— அடுப்ப மூணு தடவை எடம் மாத்தினீங்க. அரிசி வாளி எங்க இருக்குன்னு என்ட குசினியில நான் தேடினேன். பருப்பு வேக இருபத்திரெண்டு நிமிஷம்னு செவுத்துல எழுதினீங்க. இருபத்தஞ்சானா வந்து எட்டிப் பாக்குறீங்க. கறுவாப்பட்டை போத்தல்ல கறுவாப்பட்டைன்னு ஒட்டினீங்க. வாசனைச் சாமான் வெளையிற மாத்தளையில பொறந்தவளுக்குக் கறுவாப்பட்டை தெரியாதா?

— நேரம் மிச்சமாகும்னு...

— எந்த நேரம்? மிச்சமாக்கி எங்க கொண்டு போறீங்க? கைறுன்னிஸாட வீட்டுக்கு ஒரு கோப்பை சீனி குடுக்கப் போனா, திரும்பி வாறப்ப வாசல்ல நிண்டு ‘பதினெட்டு நிமிஷம்’னு சொல்றீங்க.

— அது பகிடிக்கு.

— நாலு வருஷமா ஒரே பகிடி. பொறத்தால கோழிக்கூடு கட்டினீங்க. நல்ல கம்பி வலை, நல்ல கொண்டி. கோழி எங்க?

— வாங்கலாம்.

— வாங்கலாம், வாங்கலாம். அந்தக் கூட்டப் பாக்கிற நேரமெல்லாம், எனக்குத்தான் கட்டினீங்களோன்னு நினைப்பு வரும்.

— ஹிதாயா.

— நீங்க கேட்டீங்க, நான் சொல்றேன். முப்பத்தெட்டு வருஷம், சுபஹு தொழுதுட்டுப் போனா ராவு இஷாவுக்குத்தான் வருவீங்க. மூணு பிள்ளையையும் நான் வளத்தேன், ஒங்கட உம்மாவ மவுத்து வரைக்கும் பாத்தேன். கஷ்டம்தான். ஆனா பகல்ல இந்த வீடு என்ட வீடு. எல்லாரும் போன பொறகு கதவ சாத்திட்டு ஒரு ப்ளேன்டீ குடிப்பேன். யாரும் நேரம் கேக்க மாட்டாங்க. அது போயிட்டு. றிஸ்லாட வீட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா? அறுபத்தொரு வயசுல, மகள்ட கட்டில்ல இருந்து அழுதேன். அவள்ட மகள் மர்வா வந்து, ‘வெல்லும்மா, பல்லு வலியா?’ன்னு கேட்டா.

— என்னட்ட சொல்லியிருக்கலாம்.

— சொன்னா என்ன செய்வீங்க? அதுக்கும் ஒரு அட்டவணை போட்டு செவுத்துல ஒட்டுவீங்க. அம்ஹரையும் ஸப்ரியையும் அங்கயே கூப்பிட்டேன். பெத்து வளத்ததுக்கு ஒங்கள்ட்ட நான் ஒண்டும் கேட்டதில்ல, இது ஒண்டு கேக்குறேன்னு சொன்னேன். கிழமைக்கு ஒரு நாள். சனிக்கிழமை. ஒங்கட வாப்பாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க, மலைக்குப் போங்க, குளத்துக்குப் போங்க, பொழுதுபடுற மஃரிபுக்கு முந்தி கொண்டு வராதீங்க. மூணு பேரும் சரி உம்மான்னாங்க.

— சரின்னாங்களா?

— அந்த எடத்துலயே. அதுக்குப் பொறகு ஒரு சனி தவறல்ல. நோம்பு மாசத்துக்கு மட்டும்தான் நிப்பாட்டினது. பாருங்க, ஒவ்வொரு கிழமையும் நானே ‘சரி’ போட்டு வாறேன்.

— பாத்தேன். நல்ல ஓட்டம். என்ட டிப்போவுல ஒரு மாசமும் இப்படி ஓடினதில்ல.

— நக்கல் வேணாம். ஊருல எத்தனை உம்மாமார் பிள்ளைகளப் பத்திக் கொறை சொல்றாங்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல. கேட்டது ஒண்டு, செஞ்சு காட்டினாங்க. அந்த லிஸ்டப் பாத்தா எனக்கு அவ்வளவு பெருமை.

— ம்.

— என்ன, ம்?

— ஒண்டுமில்ல. சனிக்கிழமையில நீ என்ன செய்யிற?

— ஒண்டும் செய்யிறல்ல.

— சும்மா கேக்குறேன்.

— சும்மாதான் சொல்றேன். ஒண்டும் செய்யிறல்ல. சமைக்கிறல்ல. ரெண்டு துண்டு பாண்ல சீனி தூவி நிண்டுட்டே தின்பேன். தட்டக் கழுவாம வச்சிருப்பேன், பின்னேரம் அஸர் வரைக்கும். ஹோல்ல பாய் போட்டுப் படுப்பேன். அந்த மணிக்கூட்டுட பெட்டரியக் கழட்டிருவேன். டிக் டிக்னு சத்தம் வேணாம். நீங்க வர முந்தி ஃபோனப் பாத்து குத்துமதிப்பா நேரத்த வச்சிருவேன்.

— அதுதானா? சனிக்கிழமையில மட்டும் நாலு நிமிஷம் பிந்திக் காட்டும். மணிக்கூடு பழசாகிட்டுன்னு நினைச்சேன். ரெண்டு தடவை கழட்டி எண்ணெய் போட்டேன்.

— தெரியும். சிரிப்பு வந்துச்சு, அடக்கிட்டேன்.

— ரைட். நான் ஒண்டு சொல்றேன், கேளு. நாளைக்கு நான் இருக்கிறேன். ஆனா மேல் அறையில இருக்கிறேன். கீழ வர மாட்டேன். வலை அடிக்க மாட்டேன். நீ பாய் போட்டுப் படு. பெட்டரிய நானே கழட்டித் தாறேன். நான் பேச மாட்டேன்.

— நீங்க பேசாம இருக்கிறதும் எனக்குக் கேக்கும்.

— அவ்வளவுக்கு வெறுத்துட்டியா?

— வெறுத்திருந்தா ஒரு நாள் கேட்டிருக்க மாட்டேன், ஏழு நாளும் கேட்டிருப்பேன். ஆறு நாள் ஒங்களோட இருக்கத்தான் இந்த ஒரு நாள். அதையும் எடுக்காதீங்க. நாளைக்கு எடுத்தா அடுத்த சனியும் எடுப்பீங்க.

— நான் எடுக்கல்ல, ஹிதாயா.

— பின்ன? பயணம் புடிக்கல்லன்னாலும் போயிட்டுத்தான் வாங்களே. எப்படியும் நீங்க போற பயணம் என்ன பயணம்? வந்து என்ன சொல்றீங்க? ‘எட்டு பத்துக்கு இரத்தோட்டை தாண்டினோம், ரெண்டு இருபதுக்குத் திரும்பினோம்.’ ஒரு மலையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மர்வா என்ன பேசினான்னு கேட்டா, தூங்கிட்டாம்பீங்க.

— தூங்கிட்டா.

— ஒவ்வொரு தடவையும்? ஏழு வயசுப் பிள்ளை. நோம்புக்கு முந்தி போட்டோ எல்லாம் கொண்டு வந்தீங்க. இப்ப கேட்டா ஃபோன்ல சார்ஜ் இல்ல. சப்பாத்துல ஒரு பொட்டு மண் இல்ல. அவ்வளவு தூரம் போயும் வேன விட்டு எறங்கிறல்ல போல. பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

— நான் எறங்கினா கால் வலிக்கும்.

— அம்ஹர் தந்ததுன்னு கொண்டு வாற கரட்டுல பாதி வாடினது. மரக்கறி மொத்தக் கடை வச்சிருக்கிறவன் தன்ட வாப்பாவுக்கு வாடின கரட் தாறான். அத மட்டும்தான் அவனக் கேக்கணும்னு இருக்கேன்.

— கேக்காத. லொறியில அடிபட்டிருக்கும்.

— அவனுக்கு நீங்க எப்பவும் சப்போர்ட்தான். யாரும் பிந்தினாலும் வராட்டியும் அவங்களுக்காகப் பேசுறது ஒங்கட தொழில். வராத பஸ்ஸுக்கு ‘வந்துட்டு இருக்கு, வந்துட்டு இருக்கு’ன்னு சொல்லிச் சொல்லியே பென்ஷன் எடுத்தவரு.

— அது பொய்யில்ல.

— பின்ன என்ன?

— கேன்சல்னு டைம் கீப்பர் வாயால சொல்லக் கூடாது. கைப்பிள்ளையோட ஒரு பொம்பிள நிப்பா. கேன்சல்னு சொன்னா அந்த எடத்துலயே ஒடஞ்சு போவா. வருதுன்னு சொன்னா கொஞ்ச நேரம் நிம்மதியா நிப்பா. அதுக்குள்ள வேற பஸ் ஒண்ட நான் பாத்து விடுவேன்.

— வேற பஸ் இல்லாட்டி?

— இல்லாத நாளும் இருந்திச்சு.

— அப்ப?

— அப்பவும் புத்தகத்துல ‘ஓடியது’ன்னு எழுதிட்டு, ஜன்னல சாத்திட்டு உள்ள இருப்பேன்.

— நல்ல தொழில். சரி, இப்ப பேச்ச மாத்தாதீங்க. நாளைக்கு நீங்க போறீங்க. அம்ஹருக்கு நானே கோல் எடுக்கிறேன். எட்டு மணிக்கு வாசலுக்கே வந்து ஏத்திட்டுப் போகட்டும். சந்தியில நிக்கிறேன், சந்தியில நிக்கிறேன்னு நீங்க ஏன் அவ்வளவு தூரம் நடக்கணும்?

— கோல் எடுக்காத.

— ஏன் எடுக்கக் கூடாது? என்ட மகன்.

— ஃபோன வை, ஹிதாயா. அவன் வேலையா இருப்பான்.

— ரிங் போகுது.

— கட் பண்ணு.

— எடுக்கிறான் இல்ல. லொறி வந்திருக்கும். ஸப்ரிக்கு எடுக்கிறேன். அவன் நாளைக்கு வேன் ஹயரை விட்டுட்டு வரட்டும், ஒரு நாள்தானே.

— ஸப்ரியும் வர மாட்டான்.

— ஏன்? சண்டை போட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க, பிள்ளைகளோட என்ன பேசினீங்க?

— சண்டை இல்ல. நோம்புக்கு நிப்பாட்டின பயணத்த, பெருநாளுக்குப் பொறகு மூணு பேர்ல ஒருத்தரும் தொடங்கல்ல. இவனுக்கு லொறி, அவனுக்கு ஹயர், அவளுக்குப் பிள்ளைட க்ளாஸ். யாரும் ஏலான்னு சொல்லல்ல. அடுத்த கிழமை, அடுத்த கிழமைன்னாங்க. நான்தான், சரி மகன், உம்மாட்ட மட்டும் சொல்லாதீங்கன்னேன்.

— அப்ப... இத்தனை சனிக்கிழமையும் சேர்ட் போட்டுட்டு எங்க போனீங்க?

— பஸ் ஸ்டாண்டுக்கு. பழைய டைம் கீப்பர் ரூம் சும்மாதான் கெடந்திச்சு, மஃரிப் வரைக்கும் அங்க மர வாங்குல உக்காந்து இருந்துட்டு வருவேன். நாளைக்கு எட்டு மணிக்கு அத உடைக்கிறாங்க, ஹிதாயா.