நடு மெஷின் தவளைகள்

ஹலோ... சொல்லுங்க மாப்பிள்ளை. சலூன்ல இருக்கேன், பாதித் தலைதான் முடிஞ்சிருக்கு... என்னது? தவளைப் பதிவு இருக்கிற வெப் பக்கம் திறக்கலையா? பாப்பா மேடை ஏறிட்டாளா?

ஆமா... ஆமா... தவளைச் சத்தத்தைப் போட்டுக் காட்டுன்னு தேர்வாளருங்க கேக்கத்தானே செய்வாங்க! என் பொண்ணு நாலு மழைக்காலம் சேத்துல நின்னு பதிஞ்சிருக்கா, கேக்காமலா டாக்டர் பட்டம் குடுப்பாங்க? சரி, பதறாதீங்க. லினக்ஸ் என் குரலைக் கேட்டாலே எழுந்து நிக்கும். பின் ரூம்ல மூணு கம்ப்யூட்டர் வெச்சிருக்கேனே, அதுல நடு மெஷின் முன்னாடி உக்காருங்க.

...ஏற்கெனவே உக்காந்து ஒரு கமாண்டும் அடிச்சாச்சா? யாரைக் கேட்டு... இல்ல, கோவம் இல்ல மாப்பிள்ளை, கோவமே இல்ல. டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு காட்டிச்சு, சரி. இன்டர்நெட்ல எவனோ எழுதியிருந்தான், சரி. படிங்க... 'டாக்கர் சிஸ்டம் ப்ரூன்'... ம்... கடைசியில 'வால்யூம்ஸ்'...

கையை எடுங்க! ரெண்டு கையையும் எடுங்க!

...அட, உன்னை இல்லப்பா, நீ வெட்டு.

மாப்பிள்ளை, என்டர் தட்டிட்டீங்களா? ...தட்டிட்டு? ...அழிக்க 'ஒய்'யா, வேண்டாம்னா 'என்'னான்னு கேட்டுக்கிட்டு நிக்குதா! அப்பாடா. என் நெஞ்சு அடிக்கிற அடியில இந்தக் கடைக் கண்ணாடியே ஆடுது... குப்பையைத்தானே அள்ளும்னு நினைச்சீங்களா? கண்டெய்னர்னா புரோகிராம் ஓடுற பெட்டி; ஓடாம நிக்கிற கண்டெய்னர் எல்லாமே அதுக்குக் குப்பைதான். தவளைங்க இருக்கிற கண்டெய்னர் டிஸ்க்ல இடம் இல்லாம இப்ப மயங்கிக் கிடக்கு. அதையும் தூக்கிடும், பதிவெல்லாம் இருக்கிற வால்யூமையும் சேத்துத் தூக்கிடும். வீட்டைப் பெருக்கச் சொன்னா, தூங்குற குழந்தையையும் பெருக்கித் தள்ளின கதை.

...வேற காப்பியா? பேக்கப் டிஸ்க் போன வாரம்தான் மண்டையைப் போட்டுச்சு. இருக்கிறது இது ஒண்ணுதான். 'என்' அடிங்க. மெதுவா. ஒய் பக்கம் விரலே போகக் கூடாது... அடிச்சீங்களா? என்ன சொல்லுது? ...ஒண்ணும் அழிக்கலையா? நீங்க நூறு வயசு நல்லா இருக்கணும்.

இப்ப எந்த ஃபோல்டர் டிஸ்க்கை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு பாக்கணும். சொல்றதை அடிங்க. டி, யூ, இடைவெளி... ஆமா... ஆமா... பெருசு மேல வரணும். வந்துச்சா? முதல்ல என்ன? ...அதை விடுங்க. அடுத்தது சொல்லுங்க... பேர் 'மாமா'ன்னுதான் இருக்கும், தெரியும், விடுங்கன்னேன்ல! ரெண்டாவது? ...'மேட்ச்'. மேட்ச்னா? ...பந்தாட்டமா! அறுநூறு ஜிபிக்கா? பந்து கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து பதிஞ்சு வெச்சிருக்கீங்களா? இந்த மெஷின்ல வேற எதையும் வைக்காதீங்கன்னு பாப்பா தலைப்பாடா அடிச்சுக்கிட்டாளே!

...என்னோடதா? அது பழைய கறுப்பு வெள்ளைப் படங்க மாப்பிள்ளை. நடிச்சவங்ககிட்டயே இல்லாத பிரிண்ட். அதை எப்படி... இல்ல, முதல்ல உங்களோடதை... ஃபைனலை மட்டும் விட்டுடவா? இது என்ன பேரம்? இதுவா நேரம்? ...

என்ன? அஞ்சு நிமிஷம்தானாமா? ஒலி இல்லைன்னா இன்னொரு நாள் வரச் சொல்வாங்களாமா?

...ரெண்டையும் அழிங்க. ஆமா, என்னோடதையும். படம் எங்கயும் போகாது, கண்ணை மூடினா ஓடும். அடிங்க மாப்பிள்ளை, ஃபோல்டர் பேரை மட்டும் ரெண்டு தடவை படிச்சுட்டு அடிங்க.

...போச்சா? ம்... இடம் வந்துச்சா? இப்ப 'டாக்கர் ஸ்டார்ட்', அப்புறம் 'தவளை'. தமிழ்ல இல்ல, இங்கிலீஷ் எழுத்துல... ஓடுதா? ...நின்னுடுச்சா? ...இல்லையா, இன்னும் எழுந்திரிக்குதா? சரி, தட்டாதீங்க. மூச்சு கூட விடாதீங்க...

...

கேக்குது! மாப்பிள்ளை, எனக்கே கேக்குது! கர்ரக்... கர்ரக்... நாலு மழையும் ஒண்ணாக் கொட்டுற மாதிரி இருக்கே! ...இருங்க. தவளை அங்க அரங்கத்துல கத்துது. எனக்கு எப்படிக் கேக்குது? ...பாப்பாவோட கால் உங்க இன்னொரு போன்ல ஆன்லயே இருக்கா? எல்லா போனுமே ஸ்பீக்கர்லயா? ...எப்பலேர்ந்து?

...முதல்லேர்ந்தேவா? நாம பேசினது மொத்தமும் அரங்கத்துல கேட்டுச்சா?

ஐயோ... அம்மா... பாப்பா... ஆமாம்மா, 'மாமா'ங்கிறது நான்தான்... ஆமா... ஆமா... சிரிக்கிறாங்களா? எல்லாருமா? ...சரிம்மா. நீ முதல்ல அவங்க கேக்கிறதுக்குப் பதில் சொல்லு, எங்களை வீட்டுக்கு வந்து... ஹலோ?

மாப்பிள்ளை?

...வெச்சுட்டு ஓடிட்டாரே.