வெறும் வயிறு

கார்மேகம்: ...அப்ப மயங்கிட்டா வாய் தானாப் பேசுமா சிஸ்டர்?

கனகா: பேசும். மேல இருக்கிற லைட்டு மங்குற மாதிரி இருக்கும்... அப்புறம் மனசுல கெடக்கிறது ஒண்ணொண்ணா வெளிய வந்துரும்.

கார்மேகம்: என்ன பாஷையில?

கனகா: அவங்கவங்க பாஷையில. போன வாரம் ஒரு பட்டான் பேசுனாரு, ஒருத்தருக்கும் புரியல. தப்பிச்சாரு. உங்களுக்கு அந்த வசதி இல்லண்ணே. நான் அருப்புக்கோட்டை.

கார்மேகம்: நான் பரமக்குடி... கடல் தாண்டி அல் ஐன்ல வந்து ஊர்க்காரங்க கையிலயா மாட்டணும். மலையாளத்து நர்ஸு யாரும் இல்லையா தங்கச்சி?

கனகா: இருக்காங்க. எல்லாரும் தமிழ் நல்லாப் பேசுவாங்க. கைய நீட்டுங்க.

கார்மேகம்: எறும்பு கடிச்ச மாதிரின்னீங்க... தேள் கொட்டுன மாதிரி இருக்கு.

கனகா: வெல்டிங் அடிக்கிற கைதானே இது. நெருப்புக்கு அசையாது, ஊசிக்கு உதறுதா?

கார்மேகம்: நெருப்ப நான் பிடிக்கிறேன். ஊசிய நீங்கல்ல பிடிக்கிறீங்க... ஆமா, இதுவரைக்கும் எத்தன பேருக்கு மயக்கம் குடுத்திருக்கீங்க?

கனகா: நாலு வருசம் வார்டுல நர்ஸா இருந்தேன். அப்புறம் மயக்க வேலைக்குன்னே ரெண்டு வருசம் டிரெயினிங்.

கார்மேகம்: நான் கேட்டது அது இல்ல...

கனகா: முதல்ல ஒரு ரப்பர் பொம்மை குடுப்பாங்க. அது தொண்டையில குழாய் விட்டுப் பழகணும். சரியாப் போனா நெஞ்சு ஏறி இறங்கும். தப்பாப் போனா வயிறு உப்பும்.

கார்மேகம்: உப்புச்சா?

கனகா: முதல் மாசம் பூரா உப்புச்சு... இருங்க, கேள்வி கேக்கிறது நான். காலையில இருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?

கார்மேகம்: ...இல்ல.

கனகா: ஏன் இழுக்கிறீங்க?

கார்மேகம்: இழுக்கல. யோசிச்சேன்.

கனகா: சாப்பிடாததுக்கு எதுக்குண்ணே யோசனை? சரி, விடுங்க. உள்ள போனதும் நீங்களே சொல்லிருவீங்க. சர்ஜன், மயக்க டாக்டரம்மா, எல்லாரும் கேக்கட்டும்.

கார்மேகம்: மத்ததையும் சொல்லிருவேனா?

கனகா: மத்ததுன்னா?

கார்மேகம்: சனையா லேபர் கேம்ப்புல எங்க ரூமே தூங்காது. குறட்டை விடுறது பாலகுருதான்னு அவனத் திட்டுவாங்க... அது நான்.

கனகா: ம்.

கார்மேகம்: பீடிய விட்டுட்டேன்னு வீட்டுல சத்தியம் பண்ணியிருக்கேன். போன்லதான்... வாயில பீடியோட.

கனகா: அது எனக்குத் தெரிய வேண்டிய சமாச்சாரம். கடைசியா எப்பப் பிடிச்சீங்க?

கார்மேகம்: இங்க வந்து படுத்ததுல இருந்து இல்ல. சத்தியமா... லுக்மான் பாய் பெருநாளுக்கு ஆக்குன பிரியாணியில கறியக் காணோம். பூன தின்னிருச்சுன்னு சொன்னேன். எங்க கேம்ப்புல பூனையே கெடையாது.

கனகா: அண்ணே... ஊரச் சுத்தாதீங்க. இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?

கார்மேகம்: ...பரோட்டா.

கனகா: யாரு வாங்கிட்டு வந்தது?

கார்மேகம்: அந்தப் பாலகுருதான்... எத்தன பரோட்டான்னா ஆப்பரேசன் தள்ளிப் போகும்?

கனகா: ஒரு வாய் போதும். மயங்கிக் கெடக்கும்போது வயித்துல இருக்கிறது மேல வரும். அப்படியே நுரையீரலுக்குள்ள இறங்கிரும். சின்ன குடலிறக்க ஆப்பரேசனுக்கு வந்த மனுசன் அதுலயே போயிருவாரு. இத விளையாட்டுக்குச் சொல்லல.

கார்மேகம்: அப்ப... ரெண்டு.

கனகா: கலாஸ், இன்னைக்கு ஆப்பரேசன் கெடையாது. எந்திரிங்க, மெதுவா. நான் போய் சர்ஜன்கிட்ட சொல்றேன்.

கார்மேகம்: திட்டுவாரா?

கனகா: உங்கள இல்ல.

*

கார்மேகம்: நேத்து சர்ஜன் போட்ட சத்தம் வார்டு வரைக்கும் கேட்டுச்சு தங்கச்சி. என்னதான் சொன்னாரு?

கனகா: ரெண்டு பரோட்டாவுக்காகத் தியேட்டரக் காலியாப் போடுறதான்னாரு. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, யல்லா, சீக்கிரம் ஆரம்பின்னாரு.

கார்மேகம்: நீங்க?

கனகா: மாட்டேன்னேன்.

கார்மேகம்: அவருகிட்டயா?

கனகா: இந்த டிரெயினிங்ல நான் பாஸாகணும்னா அவரும் ஒரு வார்த்த சொல்லணும், அத ஞாபகம் வச்சுக்கன்னாரு. அப்பவும் மாட்டேன்னேன். டாக்டரம்மா வந்து என் பக்கம் நின்னாங்க. அப்புறம் அடங்குனாரு.

கார்மேகம்: எல்லாம் என்னால... நேத்தே துணிமணிய எடுத்துக்கிட்டு கேம்ப்புக்கு ஓடிரலாம்னு இருந்தேன். நீங்க மல்லுக்கட்டுனது காதுல விழுந்துச்சு... அப்படியே படுத்துட்டேன்.

கனகா: எனக்கு வருத்தமே இல்லண்ணே. உங்க வாயில இருந்து உண்மையக் கறந்தேன் பாருங்க, அந்த சந்தோசத்துல திட்டே உறைக்கல. "எப்படிடி கண்டுபிடிச்ச"ன்னு டாக்டரம்மாவே கேட்டாங்க.

கார்மேகம்: ...பாலகுருவத்தான் வாசல்லயே நிறுத்திட்டாங்களாம்.

கனகா: நான்தான் சொன்னேன். பையில என்ன இருக்குன்னு பாத்துட்டு விடுங்கன்னு. இன்னைக்கு வயிறு?

கார்மேகம்: சுத்தம். எம் புள்ள மேல சத்தியம்.

கனகா: பீடிக்குப் பண்ணுன சத்தியம் மாதிரியா?

கார்மேகம்: அது பொண்டாட்டி மேல. இது புள்ள மேல.

கனகா: சரி, மாஸ்க்க லேசாத்தான் பிடிக்கிறேன். மூச்ச நல்லா இழுங்க... இப்ப மருந்து ஏறும். கை கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்.

கார்மேகம்: பால் மாதிரில்ல இருக்கு... தங்கச்சி, நான் ஏதாச்சும் உளறுனா மனசுல வச்சுக்காதீங்க.

கனகா: உளற மாட்டீங்க. நேத்து சொன்னது பொய்ண்ணே. மயங்குனா கட்ட மாதிரிதான் கெடப்பாங்க, எவரும் வாயே திறக்க மாட்டாங்க. பரோட்டாவ வெளிய கொண்டாறத்தான் அப்படி...

கார்மேகம்: அடிப்பாவி...

கனகா: இன்னொண்ணும் இருக்கு. எத்தன பேருன்னு கேட்டீங்கள்ல... டாக்டரம்மாவுக்கு எடுத்துக் குடுத்து, கூடவே நின்னு நெறையப் பேரு. நானே எல்லாம் பண்றது... நீங்கதான் முதல் ஆளு. பயப்படாதீங்க, அவங்க எனக்குப் பின்னாடிதான் நிக்கிறாங்க.

கார்மேகம்: தெரியும்... நேத்து வராண்டாவுல அம்மாகிட்ட போன்ல சொன்னீங்கள்ல... இன்னைக்கு நானேதான் மயக்கம் குடுக்கப் போறேன், எனக்காகச் சாமி கும்பிட்டுக்கம்மான்னு... பக்கத்து ஸ்ட்ரெச்சர்ல போத்திக்கிட்டுக் கெடந்தது யாருங்கிறீங்க... எப்படிடா தப்பிக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்... நீங்களே வந்து சாப்பிட்டீங்களான்னு கேட்டீங்க... பாலகுரு பாவம்... பரோட்டாவும் இல்ல ஒண்ணும் இல்ல தங்கச்சி... நேத்தும் வெறும் வயிறுதான்...