தம்பியின் தகுதி

“லோயராகிறதுக்கு என்னென்ன வேணும் அக்கா?” என்று தம்பி டிலக்சன் ஒருநாள் கேட்டான். சட்டக் கல்லூரி விதிகளை வாசித்து அவனுக்குச் சொன்னது நான்தான். ஆங்கிலத்தில் திறமைச் சித்தி, உயர்தரத்தில் மூன்று பாடம், அனுமதிப் பரீட்சை, படித்து முடித்ததும் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி. இவற்றில் தவறினால் மறுபடி முயலலாம். கடைசியில் நன்னடத்தை என்று ஒன்று இருந்தது. அதற்கு மறு பரீட்சை கிடையாது.

அந்த விதிகளை முதலில் எனக்காகத்தான் வாசித்திருந்தேன். பனிச்சங்கேணியில் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிப்பிக்க முடியும் என்றார் அப்பா. நான் கூச்சக்காரி, நீதிமன்றத்தில் வாய் திறக்கமாட்டேனாம். பள்ளிக்கூடத்தை விட்டேன். அதில் எனக்குக் கோபமில்லை.

தம்பி அனுமதிப் பரீட்சையில் சித்தியடைந்த கிழமை, பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தி மாமாவின் புது மீன்வலை காணாமல் போனது. பொலிஸார் வந்தபோது, எங்கள் வீட்டையும் பார்க்கும்படி பணிவாகச் சொன்னேன். வலை தம்பியின் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

“என்ன லோயர் தம்பி, கட்டிலுக்குக் கீழயும் மீன் படுதோ?” என்றார் மாமா.

“நான் எடுக்கல்ல மாமா.”

அவன் சொன்னது உண்மை.

பிணையில் வந்தவன் என்னிடம்தான் யோசனை கேட்டான். “வழக்குப் பேசினா வருசக்கணக்கா இழுபடும், கொழும்புக்குப் போக ஏலாது. எடுத்தன் எண்டு சொல்லு. தண்டத்தோட முடிஞ்சிரும்” என்றேன்.

“பிறகு ஒரு கரைச்சலும் வராதா அக்கா?”

“சின்ன விசயம்தானே.”

நீதவான் கேட்டார். எடுத்தேன் என்றான். பின் வரிசை வாங்கில் இருந்த எனக்கு மனம் தெளிந்தது. செய்யாததைச் செய்தேன் என்று நீதிமன்றத்தில் பொய் சொல்கிறவனுக்கு நன்னடத்தை ஏது? நான் அவனைக் கெடுக்கவில்லை. சோதித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நேற்று பள்ளிக்கூட அதிபர் அவனுக்கு நன்னடத்தைச் சான்று தர மறுத்துவிட்டார். வீடு வந்தவனுக்குச் சோறும் இறால் சொதியும் போட்டுக் கொடுத்தேன்.

“வலைய ஆரு அக்கா கட்டிலுக்குக் கீழ வெச்சிருப்பாங்க?”

“நான்தான் வெச்சன். நீ ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது தம்பி. நானெண்டா கடைசி மட்டும் மறுத்திருப்பன். எண்ட பேரில ஒரு வழக்கும் இல்ல. இனி என்னைப் படிப்பிக்கச் சொல்லி அப்பாக்கிட்ட நீதான் கதைக்கணும்.”

அவன் பாதிச் சோற்றில் கை கழுவினான். செருப்பைப் போட்டுக்கொண்டு, படலையைத் திறந்து போனான்.