ஸ்டோர் வேலை உமக்குத்தான்

தேநீர் ஆறிவிடும், முதலில் குடியுங்கள் இன்ஸ்பெக்டர். எங்கள் கேன்டீன் இராஜம்மா இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறாள். நிதானமாகவே பதில் சொல்கிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆமாம், லோரியில் அடிபட்டு இறந்த பக்கிரிசாமியை எனக்குத் தெரியும். காப்பாரில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இந்தச் சுங்கை வே தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பது என் பொறுப்பு. போன வருஷம் கிள்ளானில் கோயில் திருவிழா. அன்னதானப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் வள்ளியம்மா பள்ளிக்கூடத்தை முடிக்கப் போகிறாள், அவளுக்காகவாவது தோட்டத்தை விட்டு வெளியே வரவேண்டும் என்றார். முகம் வாடிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"தோட்டத்து வேலையை விட்டுப்போட்டு மாசம் பிறந்ததும் வாரும். ஸ்டோர் வேலை உமக்குத்தான்" என்றேன்.

எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார். "சார் வேலை குடுத்துட்டாருலா!" என்று பந்தி முழுக்கச் சொன்னார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இல்லை, வேலைக்கான கடிதம் எதுவும் அவர் கேட்கவில்லை. மனைவி நல்லம்மாள் கேட்கச் சொன்னாராம். "சாமி சோத்துல கைய வெச்சுக்கிட்டு சொன்ன வார்த்தடி. அதுக்கு மேல தாள் கேட்டா சார அவமானப்படுத்துன மாதிரி" என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டாராம். இதை என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

தோட்டத்தில் வேலையை விட்டால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். அது எனக்குத் தெரியாதா என்ன. கிள்ளானில் ஒரு கடையின் பின்பக்கம், ஒற்றை அறையில் குடியேறினார்கள்.

மாதம் பிறந்ததும், மடிப்புக் கலையாமல் பெட்டி போட்ட சட்டையோடு வந்தார். மேனேஜர் வெளியூர், திங்கட்கிழமை வாரும் என்றேன். திங்கட்கிழமை வந்தார். மேலிடத்து உத்தரவு வரவில்லை என்றேன். பிறகு வந்துகொண்டே இருந்தார். ஒருநாளும் நான் அவரைக் கடிந்து பேசியதில்லை. நீங்கள் இருக்கும் அதே நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன்.

முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு வேலை தேடியிருப்பார் என்கிறீர்கள். தேடியிருப்பார். செராஸில் ஒரு மளிகைக் கடையில் கூப்பிட்டார்களாம். போகட்டுமா என்று என்னிடம் வந்து நின்றார். "ஒங்ககிட்ட வரேன்னு வார்த்த குடுத்துட்டேன் சார். நீங்க சொன்னாதான் அங்க போவேன்."

பொறும் என்றேன். பொறுத்தார். மோட்டார்சைக்கிளை விற்றுவிட்டு பஸ்ஸில் வர ஆரம்பித்தார். போன திங்கட்கிழமையும் அப்படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, பெரிய சாலையைக் கடக்கும்போது தலைசுற்றி விழுந்திருக்கிறார். வெறும் வயிறு. லோரிக்காரனைப் போட்டு வதைக்காதீர்கள், பாவம், அவன் என்ன செய்வான்.

மேனேஜர் ஏன் மறுத்தார் என்கிறீர்கள். அவர் மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை. ஸ்டோரில் வாசு இருக்கிறான், நல்ல வேலைக்காரன். அங்கே இடம் காலியில்லை என்பது பந்தியில் உட்கார்ந்தபோதே எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்ட பிறகு, இல்லை என்று எந்த வாயால் சொல்வது? என்னால் யார் மனதையும் நோகடிக்க முடியாது. சாவுச் செய்தி கேட்டு இந்த மேசையில் தலைவைத்து அழுதேன். இராஜம்மாவைக் கேளுங்கள், சொல்வாள்.

நேற்று துக்கம் விசாரிக்கப் போனேன். நல்லம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் உட்காரப் பாய் விரித்தார். வள்ளியம்மா அப்பாவின் பெட்டி போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள். அந்தக் கோலத்தைக் காணச் சகிக்கவில்லை.

"அழாதையும் பிள்ளை. மாசம் பிறந்ததும் வாரும். ஆபீஸ் வேலை உமக்குத்தான்" என்றேன்.

ஆபீஸிலும் இடம் இல்லைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர்.