பேரைச் சொல்லிட்டு வரணும்

இருங்க ஏட்டையா, வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. எங்க அப்பாகிட்ட பேசியாச்சு, காப்பி குடிச்சாச்சு, விசாரணை முடிஞ்சுதா? துப்பாக்கி லைசென்ஸை என் பேருக்கு மாத்தச் சொல்லி மனு போட்டது நான்லா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா?

ஆமா, தெளிவாத்தான் பேசுவாரு. லைசென்ஸ் நம்பரை மனப்பாடமா ஒப்பிப்பாரு. தென்னந்தோப்புல காட்டுப்பன்னி விரட்டுன கதையை நேத்து நடந்த மாதிரி சொல்லுவாரு. ஆவுடைநாயகம்னா வடகரைக்கே தெரியும். யாரு இல்லைன்னா?

படிக்கிற பிள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கியா? வயசான லைசென்ஸ்காரர் உசுரோட இருக்கையிலேயே பிள்ளை பேருக்கு மாத்தலாம்னு சட்டத்துல இருக்கு. பிள்ளைன்னா ஆம்பளப் பிள்ளைன்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்க பாப்போம்.

குமரகுருவா? எங்க அண்ணன் பெங்களூர்ல இருக்கான். துப்பாக்கி அப்பாவோட கவுரவம்ட்டி, நீ அதுல கை வைக்காதங்கான் போன்ல. கவுரவத்தைக் காவல் காக்க அவனா வரப்போறான்?

பயமா, எனக்கா? திருநெல்வேலிக்குப் போயி பயிற்சி எடுத்து சர்டிபிகேட் வாங்கியிருக்கேன். மொத நாளு வாத்தியாரு பக்கத்துல நின்னவரைக் காட்டி, அண்ணனுக்குத் துணையா வந்தியாம்மாங்காரு. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது! கடைசில அந்த அண்ணன்தான் துப்பாக்கிக் கொழலை வாத்தியாரு வயித்துக்கு நேரா திருப்பிட்டு நின்னாரு. குண்டு இல்லைன்னாலும் இருக்குன்னுதான் நெனைக்கணும். எதுத்தாப்புல இருக்கது என்னன்னு தெரியாம விரல் விசைக்குப் போகப்பிடாது. பைக் ஓட்ட எட்டு போடச் சொல்லுதீங்க. எங்க அப்பாவுக்கு லைசென்ஸ் குடுத்தப்ப இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?

எங்க வயக்காட்டுல ஒரே ஒரு பயிற்சிதான். பொழுதடைஞ்சு வரப்புல யாரு வந்தாலும் பேரைச் சொல்லிக்கிட்டேதான் வரணும். செல்லப்பா வாரேன், செல்லப்பா வாரேன்னு. பேரு கேட்டா ஆளு, காவலுக்கு இருக்கவரு கொழலை இறக்கிருவாரு. பேரு கேக்கலைன்னா பன்னி. அம்புட்டுதான்.

என்ன அவசரமா? எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்ச துப்பாக்கியைத் திங்கக்கெழம வந்து வாங்கிக்கிடுங்கன்னு இப்பதான சொன்னீங்க? அப்பா மூஞ்சி மலந்ததைப் பாத்தீங்களா? என் பேருக்கு வந்தா பூட்டும் சாவியும் என் கையில இருக்கும். இல்லையா, உங்ககிட்டயே வச்சுக்கிடுங்க. அவரு கையில மட்டும் குடுத்துராதீங்க.

சத்தம் போடலை. அவரு காதுல விழப்பிடாதுன்னுதான் உங்களை வாசல்ல வச்சு மறிச்சேன். அம்மா வேற வெளிய சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா.

அவரு நாக்காலி பக்கத்துல ஒரு கொடை சாத்தியிருந்துச்சே, பாத்தீங்களா? குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு, சாரலுக்குன்னு நெனச்சிருப்பீங்க. பொழுதடைஞ்சா அதைத் தோள்ல அணைச்சுக் குறிபாத்துக்கிட்டு நடுவீட்ல உக்காந்துருதாரு. அம்மா அடுப்படியில இருந்து வரும்போது, பேராச்சி வாரேன், பேராச்சி வாரேன்னு சொல்லிக்கிட்டேதான் வருதா. சிரிங்க, நாங்களும் மொதல்ல சிரிச்சோம். பேரு கேட்டதும் கொடையை இறக்கிருவாரு.

நேத்து இறக்கலை, ஏட்டையா. எந்தப் பேராச்சின்னு கேட்டாரு.