மாமா போட்ட தரை

— மெல்லப் பேசுங்க. அப்பா வந்தா காதுல விழுந்துரும்.

— மெல்லப் பேசினா மேடு குறைஞ்சுருமா? இந்தா, மட்டப்பலகைய நீயே பிடிச்சுப் பாரு. ரூம் நடுவுல வச்சா ரெண்டு முனையும் அந்தரத்துல ஆடுது.

— எவ்வளவு இருக்கும்?

— ஒரு விரக்கடை. இதுமேல அப்படியே டைல்ஸ் ஒட்டினா, உன் தையல் மெஷின ஏத்தின அன்னைக்கே படக்கு படக்குன்னு விரியும். மேட்டை மெஷின் வச்சுத் தேய்க்கணும். சுவரோரப் பள்ளத்துல கலவை போட்டு ஏத்தணும். அப்புறம்தான் டைல்ஸ்.

— அப்ப தேய்ச்சுருங்க. அவர் நடந்துட்டு வர்றதுக்குள்ள.

— திருட்டுத்தனமாவா? உங்கப்பாகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிரேன்.

— நானா? இந்த வீட்டுல அவர் தன் கையால போட்டது இந்தத் தரை ஒண்ணுதான். தபால் குடுக்க வர்றவரைக்கூட உள்ள கூப்பிட்டுக் காட்டுவாரு. நான் சொல்ல மாட்டேன்பா.

— கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகுது. நானும் சொல்ல மாட்டேன்.

— யாரு, என்னத்தை, யாருகிட்ட சொல்ல மாட்டீங்க?

— வாங்க மாமா! அதுக்குள்ள நடந்து முடிச்சிட்டீங்களா?

— செருப்பு அறுந்துருச்சு. கையில அந்த மெஷின் எதுக்கு மாப்ளே?

— அது... சும்மா, தூசி எடுக்க.

— தூசி எடுக்க வெளக்குமாறு இருக்கு. நேராச் சொல்லுங்க. என் தரையில என்ன குறை?

— கோவிச்சுக்காதீங்க மாமா. நடுவுல லேசா...

— லேசா?

— வயிறு தள்ளியிருக்கு.

— வயிறா! முப்பது வருஷம் கான்கிரீட் போட்டவன் நான். நான் போட்ட தளத்துல மொட்டை மாடித் தண்ணிகூட எந்தப் பக்கம் போறதுன்னு என்னைக் கேட்டுட்டுத்தான் போகும். என் தரைக்கு வயிறு தள்ளிருச்சா?

— என் ரசமட்டம் அப்படித்தான் சொல்லுது மாமா. பாருங்க, குமிழி எப்படி ஓடுதுன்னு.

— உங்க ரசமட்டம் நேத்துப் பொறந்தது. பாப்பா, பீரோவுக்கு மேல நம்ம ரசமட்டம் இருக்கு, எடுத்துட்டு வா.

— அது எதுக்குப்பா இப்ப? இவர்தான் சொல்றாருல்ல. தேய்ச்சா தேய்ச்சுட்டுப் போகட்டும்.

— எடுத்துட்டு வான்னேன். மாப்ளே, நல்லாக் கேட்டுக்கங்க. என் மட்டத்துல குமிழி நடுவுல நின்னுச்சுன்னா, இந்தத் தரையை யாரும் தொடக் கூடாது. டைல்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— அப்பா, என் தையல் கிளாஸ்! பத்துப் பேரு சேந்துட்டாங்க. இந்த மேட்டுல மெஷின் நிக்காது.

— நிக்கும். கொண்டா இங்க. இதோ வைக்கிறேன். சிவப்பு நூல் கட்டின முனை சுவரைப் பாத்து. ம், பாத்துக்கங்க. நட்ட நடுவுல நிக்குது. மட்டம்னா மட்டம்!

— தரை ஒண்ணு, ரசமட்டம் ரெண்டு. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது மாமா.

— சின்னதுதான் பொய் சொல்லும்.

— உங்களுக்குத் தெரியாததா? முனை மாத்தித் திருப்பி வச்சுப் பாப்போம். நல்ல மட்டம்னா குமிழி பழைய பக்கமே நிக்கும். முதல்ல என்னோடது. வச்சாச்சு, திருப்பியாச்சு. ரெண்டு தடவையும் ரூம் நடுவைப் பாத்துத்தான் ஓடுது. இப்ப உங்களோடது.

— திருப்புங்க, எனக்கென்ன பயம்? ...என்ன மாப்ளே, எங்க போச்சு குமிழி?

— ஓரத்துக்கே போயிருச்சு மாமா.

— இன்னொரு தடவை திருப்புங்க.

— திருப்பினா நடுவு. மறுபடி திருப்பினா ஓரம்.

— இதைக் கடையில திருப்பித் திருப்பிப் பாத்து வாங்கினேன் மாப்ளே! அப்புறம் திருப்பவே இல்ல. நூல் கட்டின முனை எப்பவும் சுவத்துப் பக்கம்தான்.

— அதான் விஷயம். இந்தச் சுவத்துல இருந்து பாதி, எதிர்ச் சுவத்துல இருந்து பாதின்னு போட்டீங்களா?

— ஆமா, ரெண்டு நாளாப் போட்டேன்.

— இது காட்டின பொய் மட்டத்துல ரெண்டு பாதியும் மேல ஏறி வந்து நடுவுல முட்டிக்கிச்சு.

— அய்யய்யோ. அப்ப நான் போட்ட மாடியெல்லாம்?

— வேலைக்குப் போற இடத்துக்கும் இதையா கொண்டு போனீங்க?

— இல்ல, அங்கெல்லாம் தண்ணி டியூப் மட்டம். இது நம்ம வீட்டுக்குன்னு ஆசையா வாங்கினது.

— அப்ப ஊரு தப்பிச்சுது, வீடு மாட்டிக்கிச்சு.

— சிரிக்காதீங்க. இருபது வருஷமா இந்த இடத்துல கால் இடறும். மூட்டு தேஞ்சுருச்சுன்னு டாக்டர்கிட்ட போய் எத்தனை மாத்திரை முழுங்கியிருக்கேன்!

— மாமா, இந்தக் குமிழிக் குழாயைச் சுத்தி மஞ்சளா ஏதோ காஞ்சு கெடக்கே.

— என்னது அது?

— சுரண்டினா உரியுது. பசை.

— பசையா? இதுக்குப் பசையே கிடையாது மாப்ளே, குழாயை அழுத்தித்தான் சொருகியிருப்பான். பாப்பா, எங்க கிளம்பிட்ட?

— அடுப்புல பால் வச்சேன்...

— அடுப்பே பத்த வைக்கல. நில்லு. ஏன் இப்படி முழிக்கிற?

— அப்பா, எனக்கு அப்ப ஏழு வயசு.

— எப்ப?

— நீங்க தரை போட்டதுக்கு முந்தின நாள். பொம்மைக்குக் கட்டில் இல்லன்னு இதை எடுத்தேன். கை தவறி விழுந்துருச்சு. குழாய் கழண்டு தனியா வந்துருச்சு. ஸ்கூல் பசையை வச்சு ஒட்டிட்டேன்.

— நேரா ஒட்டினியா?

— பாத்தா நேராத்தாம்பா இருந்துச்சு.

— மாப்ளே, இந்தத் தரையைப் போட்டது நான் இல்ல, இவதான். தேய்க்கிற மெஷினை அவ கையில குடுங்க.