வேலிக்கு அந்தப் பக்கம் பூக்கிற முல்லை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தொண்டூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் கொடிக்கன்று விற்பவரிடம் ஓர் அம்மாள், "வாசனையே இல்லாத கொடியா ஒண்ணு குடுண்ணா" என்று கேட்டாள்.

"இன்னாம்மா, எல்லாரும் வாசனையாதானே கேப்பாங்க?"

"வேலியோரம் முல்லை வெச்சேன். தண்ணி ஊத்தறது நானு. அது அந்தாண்ட போயி பூக்குது. அந்த வூட்ல இருக்கிற என் ஓரகத்தி தெனம் தலை நெறைய வெச்சிக்கினு என் எதிர்லயே போறா. அதப் புடுங்கிட்டு வேற வெக்கப்போறேன்."

"முடக்கத்தான் வெய்யி."

"பொண்ணுக்கு வரன் பாக்கிற வூட்ல முடக்கத்தானா?"

"காயிதப்பூ?"

"சாமிக்குக் காயிதத்தையா சாத்துவாங்க?"

"பேய்ப்பீர்க்கு இருக்குது."

"பேய் ஏற்கெனவே வேலிக்கு அந்தாண்ட இருக்குது."

அவர் சிரித்தார். "முல்லையப் புடுங்கிட்டா அவ தலையில பூ இருக்காது. உன் தலையிலயும் இருக்காது, பாத்துக்க."

அம்மாள் கன்றுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அதற்குள் தொண்டூர் பஸ் வந்துவிட்டது.

"சரி, இன்னொரு முல்லையே குடு."

"அதுவும் அந்தாண்டதாம்மா போவும்."

"இத அவகிட்ட குடுத்து அவ பக்கம் வெக்கச் சொல்றேன். தண்ணிய அவ ஊத்தட்டும். பூவு என் பக்கம் வரட்டும்."